யாருடைய ஆள்?

சால்மியா, குவைத்
15-9-1985

அன்புத் தங்கச்சி ரோஸிக்கு அக்கா லூர்து மேரி எழுதுவது.

மாதாவின் காவலில் நீயும் உன் வீட்டுக்காரர் மிக்கேல்ராஜ் தம்பியும் என் மகள் அமலியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எனக்குக் கழுத்தில் ஒரு வெப்பக்கட்டி வந்து உடைந்து ஆறிவிட்டது. மற்றபடி குறையில்லை. நான் வேலை செய்கிற வீட்டு மேடத்தின் பையன் யூசுப்புக்குக் கடைவாய்ப் பல் முளைக்கிறது. என் தோளைக் கடித்து வைக்கிறான்.

அமலி கோ-கோ உடையில் நிற்கிற போட்டோ வந்தது. அவள் அப்பா இறந்த வருஷம் அவளை உன்னிடம் விட்டுவிட்டு வந்தபோது என் இடுப்பு உயரம்தான் இருந்தாள். இப்போது பதிமூன்று வயசுக்கு உன் காது வரை வளர்ந்துவிட்டாள். போட்டோவை மேடத்திடம் காட்டினேன். உன்னைக் காட்டி, "இது அவளுடைய அம்மாவா?" என்று கேட்டாள். போட்டோவை வாங்கி உள்ளே வைத்துவிட்டேன். அவள் தோளில் நீ கையைப் போட்டிருக்கிறாய், அவள் தலை உன் பக்கம் சாய்ந்திருக்கிறது. பார்க்கிறவர்கள் அப்படித்தான் கேட்பார்கள். போட்டோக்காரன் உன்னைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லியிருக்கலாம்.

அமலிக்குத் தமிழ் வாசிக்க வராததால் என் கடிதத்தை நீதான் வாசித்துக் காட்டுகிறாய். முழுவதும் வாசிக்கிறாயா, உனக்குப் பிடித்ததை மட்டும் வாசிக்கிறாயா? ஹிந்திப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தது தப்போ என்று இப்போது தோன்றுகிறது.

தம்பியின் முதுகுவலிக்கு இங்கே ஒரு தைலம் கிடைக்கிறது. ஊருக்கு வருகிற யாரிடமாவது கொடுத்தனுப்புகிறேன். அமலிக்கு என் முத்தங்கள். இதை அவளுக்கு வாசி.

உன் அக்கா,
லூர்து மேரி


மாட்டுங்கா லேபர் கேம்ப், பம்பாய்
20-10-1985

அன்புள்ள அக்காவுக்கு ரோஸி.

உன் கடிதம் கிடைத்தது. கட்டி ஆறியதில் சந்தோஷம். இங்கே மழை விட்டுவிட்டது, கொசு விடவில்லை. வேறு நோய்நொடி இல்லை.

கடிதத்தை முழுவதும் வாசித்தேன். போட்டோ பற்றிய இடத்தையும் வாசித்தேன். "நான்தான் சித்தி கையை இழுத்துப் போட்டுக்கிட்டேன்னு மம்மிக்கு எழுது" என்றாள் அமலி. எழுதிவிட்டேன்.

நீ கையைப் பார்த்தாய், பக்கத்தில் இருந்த கோப்பையைப் பார்க்கவில்லை. தாராவி, வடாலா, சீத்தா கேம்ப் என்று எல்லாப் பெண்களையும் ஜெயித்து வாங்கியது. நம்பிராஜன் சார்தான் சொல்லிக்கொடுக்கிறார். ரயில்வே ஒர்க்ஷாப்பில் வேலை பார்க்கிறவர். ஷிப்ட் முடிந்ததும் டப்பாவோடு நேரே மைதானத்துக்கு வந்துவிடுவார். கம்பத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு உடம்பு முழுவதையும் எறிந்து ஓடுகிறவளைத் தொடுகிறாளே, அது அமலி மாதிரி இந்தப் பக்கம் யாருக்கும் வராது என்கிறார்.

ஒரு வேடிக்கை. போன ஞாயிற்றுக்கிழமை சாதம் போடும்போது அமலியின் கையிலிருந்து தட்டு நழுவிவிட்டது. உடனே ஹிந்தியில் ஒரு வார்த்தை சொன்னாள் பார், ஆண்பிள்ளைகளே அக்கம்பக்கம் பார்த்துச் சொல்கிற வார்த்தை. உன் தம்பிக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. "ஏட்டி, இதை எங்க படிச்ச?" என்றேன். "கிரவுண்ட்ல எல்லா அங்கிளும் சொல்றாங்க சித்தி. பாயிண்ட் போனா அப்படித்தான் சொல்லணும்" என்கிறாள். அர்த்தம் தெரியாது அவளுக்கு. கிறிஸ்துமஸுக்கு ஒரு ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருக்கிறேன்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

ரோஸி


சால்மியா
24-11-1985

ரோஸிக்கு,

எல்லோரும் நலம்தானே. நான் நலம்.

நீ வேடிக்கை என்று எழுதியதை நான் திரும்பத் திரும்ப வாசித்தேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வளர்ந்த ஆண்கள் கயிற்றுக்கு வெளியே நின்று, ஆடுகிற பெண்பிள்ளைகளின் காதில் விழும்படி அசிங்கம் பேசுவார்களாம். நீயும் அங்கேதான் நிற்கிறாயாம். பிள்ளை அதைப் படித்துக்கொண்டு வந்தால் வீட்டில் சிரிப்பீர்களாம். குழாயடியில் உன் வாய் எப்படி என்று கேம்ப் முழுவதும் தெரியும். ஆனால் அது என் மகளுக்குச் சொத்தாக வர வேண்டாம்.

இரண்டே வழி. அந்த மைதானத்தில் கெட்ட வார்த்தை நிற்க வேண்டும். இல்லாவிட்டால் அமலி அந்த மைதானத்தில் நிற்கக் கூடாது. தூத்துக்குடியில் கன்னியாஸ்திரீகள் நடத்துகிற போர்டிங் இருக்கிறது. அங்கே தமிழும் வரும், வாயும் சுத்தமாக இருக்கும். நான் சும்மா சொல்லவில்லை.

நேற்று யூசுப் விழுந்துவிட்டான். அவன் அம்மா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். அவளைத் தாண்டிக்கொண்டு என்னிடம் ஓடி வந்தான். மேடத்தின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! எனக்கு நேற்று முழுவதும் மனசு நிறைந்திருந்தது.

ஸ்வெட்டர் பின்ன வேண்டாம். நான் இங்கிருந்து வாங்கி அனுப்புகிறேன்.

லூர்து மேரி


லேபர் கேம்ப்
12-1-1986

அன்புள்ள அக்காவுக்கு,

புது வருஷத்தில் சேசு உனக்கு எல்லா சுகமும் தரட்டும். உன் ஸ்வெட்டர் வந்தது. தோளில் பிடிக்கிறது. இருந்தாலும் பூசைக்கு அதைத்தான் போட்டுக்கொண்டு வந்தாள்.

நீ சொன்னபடி செய்துவிட்டேன். போர்டிங் பேச்சை இனி எடுக்காதே. நானும் இன்னும் நாலைந்து தாய்மார்களும் ஆட்டத்தை நடத்துகிற மண்டல் கமிட்டிக்குப் போனோம். "பிள்ளைகள் ஆடுகிற இடத்தில் அசிங்கம் பேசினால் நாங்கள் பிள்ளைகளை அனுப்ப மாட்டோம்" என்றேன். டீக்கடை இசக்கி அண்ணன் கமிட்டியில் இருக்கிறார். "அது கோபத்துல வர்றதும்மா, அடக்குனா மனுசனுக்கு நெஞ்சு வலிதான் வரும்" என்றார். "அப்ப உன் மகளை உன் வாயாலேயே அதச் சொல்லிக் கூப்பிடு, நாங்க கேக்கோம்" என்றேன்.

நம்பிராஜன் சார் ஒரு விதி எழுதினார். ஒவ்வொரு டீமுக்கும் ஒரு பெண் பொறுப்பு. அவள் கையில் பச்சை ரிப்பன். கயிற்றோரம் யாராவது கெட்ட வார்த்தை சொன்னால் அம்பயர் விசில் ஊதி, "கிஸ்கா ஆத்மி ஹை?", யாருடைய ஆள் இவன் என்று கேட்பார். ரிப்பன்காரி "எங்கள் ஆள்" என்றால் அந்த டீமுக்கு ஒரு பாயிண்ட் போகும். இரண்டு பேருமே தெரியாது என்றால் அவனைக் கையைப் பிடித்து மதிலுக்கு வெளியே விட்டுவிடுவார்கள். எங்கள் டீமுக்கு ரிப்பன் என் கையில்.

முதல் நாளே யார் மாட்டினார் என்கிறாய்? இசக்கி அண்ணன்தான். அன்றைக்கு ஆடிய சின்னப் பிள்ளைகள் டீமுக்கு ரிப்பன் அவர் பெண்டாட்டி கையில். "கிஸ்கா ஆத்மி?" என்றதும் அவள் அவரை மேலும் கீழும் பார்த்து, "யாரோ தெரியலையே, குடிச்சிருப்பான் போல" என்றாள்! மனுஷர் மதிலுக்கு வெளியே நின்று, "ஏட்டி, வீட்டுக்கு வருவல்லா!" என்று கத்துகிறார். மைதானம் முழுவதும் சிரிப்பு. இப்போது அது வழக்கமாகிவிட்டது. அக்கா தம்பியைத் தெரியாது என்கிறாள், மாமியார் மருமகனைத் தெரியாது என்கிறாள். ஆட்டம் முடிந்ததும் ஒன்றாக டீ குடிக்கிறார்கள். யாரும் அதைப் பெரிதாக எடுப்பதில்லை. கெட்ட வார்த்தை நிஜமாகவே குறைந்துவிட்டது. நானும் குழாயடியில் பல்லைக் கடித்துக்கொண்டுதான் நிற்கிறேன்.

ஏப்ரலில் லீவு கிடைக்குமா? மே முதல் வாரம் பைனல். வந்து ஒரு தடவை பார். பார்த்துவிட்டு முடிவு செய்.

ரோஸி


சால்மியா
23-2-1986

ரோஸிக்கு,

சுகம். உங்கள் சுகத்துக்கு ஜெபிக்கிறேன்.

இசக்கி அண்ணன் கதையை வாசித்து நானும் சிரித்தேன். விதி நல்ல விதிதான். ஆனால் ஒன்று கேட்கிறேன். ரிப்பன் பிடிக்க ஒவ்வொரு டீமிலும் ஒரு தாயைத்தானே தேடியிருப்பார்கள்? அமலியின் டீமுக்கு உன்னைப் பிடித்தார்கள். நீ, "அவள் அம்மா குவைத்தில் இருக்கிறாள், நான் சித்திதான்" என்று சொன்னாயா? சொல்லியிருக்க மாட்டாய்.

ஏப்ரல் கடைசியில் வருகிறேன். தூத்துக்குடியில் இடம் சொல்லிவிட்டேன். பைனலுக்கு மறுநாள் தாதரிலிருந்து எனக்கும் அமலிக்கும் டிக்கெட் போடச் சொல்லித் தம்பிக்கு எழுதியிருக்கிறேன். மைதானம் சுத்தமாகிவிட்டதே, பின்னே ஏன் என்று நீ கேட்பாய். அவள் பெரியவளாகப் போகிறாள். தமிழ் வாசிக்கத் தெரியாமல் எத்தனை நாளைக்கு என் மகளிடம் நான் உன் வாய் வழியாகப் பேசுவது?

ஆட்டத்தைப் பார்க்கிறேன். பார்க்க மாட்டேன் என்று சொல்லவில்லை.

லூர்து மேரி


சால்மியா
15-6-1986

ரோஸிக்கு,

நல்லபடி வந்து சேர்ந்தேன். உடம்பு நன்றாக இருக்கிறது. அமலியைப் போர்டிங்கில் விட்டாகிவிட்டது. விலாசம் உனக்கு இப்போதைக்கு வேண்டாம்.

சீத்தா கேம்ப் மரியசூசை மாமா வீட்டில் பைனல் அன்றைக்குத் தங்கிவிட்டு, மறுநாள் காலை நேரே தாதர் ஸ்டேஷனுக்குப் போனேன். தம்பி அமலியைக் கொண்டுவந்து விட்டார். நீ வரவில்லை. அதுவும் நல்லதுக்குத்தான்.

நடந்ததை ஒரு தடவை எழுதிவிடுகிறேன், பிறகு பேச வேண்டாம். செம்பூர்ப் பெண்களும் உங்கள் பெண்களும் சமமாக இருந்தார்கள். கடைசி நிமிஷம். நான் உன் பக்கத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். அமலி கம்பத்தைப் பிடித்துப் பாய்ந்தாள், முழங்கால் கம்பத்தில் மோதிக் கிழிந்தது. அந்தப் பக்கம் எவனோ சிரித்தான். நான் கயிற்றுக்குக் கீழே குனிந்துவிட்டேன், ஓடிப்போய்த் தூக்க. அப்போது அவள் கூப்பிட்டாள். "சித்தி!" என்று கூப்பிட்டாள்.

என் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது. நம் அப்பா சொல்கிற வார்த்தை. அவர் செத்த பிறகு நான் அதைக் காதால்கூடக் கேட்டதில்லை. சிரித்தவனைப் பார்த்துச் சொன்னேன் என்று வைத்துக்கொள். தமிழ் தெரியாத அம்பயருக்கும் அது புரிந்துவிட்டது. விசில் ஊதினார். "யே கிஸ்கி ஹை?" என்றார், இவள் யாருடைய ஆள் என்று.

செம்பூர்க்காரி தெரியாது என்றாள். அவளுக்கு என்னைத் தெரியாதுதான். நீ ரிப்பனைக் கையில் சுற்றிக்கொண்டு, என் முகத்தைப் பார்த்து, "தெரியாது" என்றாய். இரண்டு பெண்கள் என் கையைப் பிடித்தார்கள். அமலி தரையில் உட்கார்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். நான் திரும்பிப் பார்க்காமல் மதிலைத் தாண்டிப் போய்விட்டேன்.

ரயிலில் ஏறியதும் அவளிடம், "அந்த ஆட்டத்தப் பத்தி ஒரு சொல் பேசக் கூடாது" என்று சொல்லிவிட்டேன். தூத்துக்குடி வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். உன்னைப் பிரிகிற துக்கம்.

கோப்பையை வீட்டில் கண்ணாடிக்குள் வைத்திருப்பாய். வைத்துக்கொள். பெறாதவளுக்கு அதுவாவது இருக்கட்டும்.

லூர்து மேரி


லேபர் கேம்ப்
20-7-1986

அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் இருக்கிறோம். மழை நன்றாகப் பெய்கிறது.

உன் கடைசி வரியை உன் தம்பிக்கு நான் வாசிக்கவில்லை.

ரிப்பன் கையில் இருக்கிறவள் எதைச் சொல்வாளோ அதைத்தான் நான் சொன்னேன். இசக்கி அண்ணன் பெண்டாட்டி சொன்னபோது நீ சிரித்தாய். அது மைதானத்துப் பேச்சு, வீட்டுப் பேச்சு இல்லை. நீ மதிலுக்கு வெளியே இரண்டு நிமிஷம் நின்றிருந்தால் நானே வந்து கூட்டிக்கொண்டு போயிருப்பேன். நீ நிற்கவில்லை. சோறு வைத்துக்கொண்டு காத்திருந்தோம்.

என் முகத்தைப் பார்த்துச் சொன்னாய் என்று எழுதியிருக்கிறாய். பார்க்காமல் சொல்லியிருக்கலாம்தான். ஆறு வருஷமாக ஜுரத்துக்குக் கஞ்சி வைத்தவள் பெயரைப் பிள்ளை வலியில் கூப்பிட்டது, அது உனக்குக் குற்றமாகத் தெரிந்ததே, அதுவும் அப்போது என் கண்ணில் பட்டது.

கோப்பையைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

அவள் முழங்காலில் தையல் போட்டிருந்தது. பிரித்தார்களா? அதை மட்டும் எழுது. விலாசம் கொடுத்தால் நான் அவளுக்குப் பின்னிய ஸ்வெட்டரை அனுப்புவேன். தோளில் பிடிக்காது.

ரோஸி


மாட்டுங்கா லேபர் கேம்ப்
21-9-1986

மதிப்பிற்குரிய சகோதரி லூர்து மேரி அவர்களுக்கு,

வணக்கம். தாங்கள் வெளிநாட்டில் நல்ல ஆரோக்கியத்துடன் இருக்க வேண்டுகிறேன். நான் தங்கள் மகள் அமலிக்குக் கோ-கோ பயிற்சி கொடுத்த நம்பிராஜன். தங்கள் விலாசத்தை ஒர்க்ஷாப்பில் என்னுடன் வேலை பார்க்கும் மிக்கேல்ராஜிடம் வாங்கினேன். தன் மனைவிக்குத் தெரிய வேண்டாம் என்று சொல்லிக் கொடுத்தார். காரணம் கேட்கவில்லை.

அடுத்த மாதம் எங்கள் கமிட்டி கூடுகிறது. கெட்ட வார்த்தை விதியை வைத்துக்கொள்வதா, எடுத்துவிடுவதா என்று பேசப் போகிறோம். அந்த விதியை எழுதியவன் நான். அதனால் அதிகம் இழந்தது தங்கள் குடும்பம். ஆகவே தங்களிடமும் கேட்க வேண்டும் என்று நினைத்தேன்.

பைனல் அன்று நடந்ததைத் தங்கள் தங்கை எழுதியிருப்பார். இருந்தாலும் நான் கண்டபடி சொல்கிறேன். தங்களை வெளியே அழைத்துச் சென்றதும் ஆட்டத்தைத் தொடர அம்பயர் விசிலை வாயில் வைத்தார். அமலி நொண்டிக்கொண்டே அவரிடம் போய், "மாஜி ஆயி ஆஹே" என்றாள். என் தாய் என்று. ரிப்பன் வைத்திருப்பவர் சொன்னால்தான் கணக்கு, நீ போய் உட்கார் என்றார் அவர். அமலி கயிற்றோரம் போனாள். சித்தியின் கையில் சுற்றியிருந்த ரிப்பனைத் தானே அவிழ்த்தாள். திரும்பி வந்து அதை உயர்த்திக் காட்டி, "இப்ப நான்தான் பொறுப்பு. எங்க ஆள். பாயிண்ட் எடுங்க" என்றாள். மைதானத்தில் அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. ஒரு பாயிண்ட் போயிற்று. அந்த ஒரு பாயிண்டில் செம்பூர் ஜெயித்தது.

கூட ஆடிய பெண்கள் அன்று அவளிடம் பேசவில்லை. நானும் பேசவில்லை. கோப்பை போன கோபம் எனக்கு. மறுநாள் அவள் ஊருக்குப் போய்விட்டாள் என்று தெரிந்தபோது வெட்கமாக இருந்தது.

பிள்ளைகள் ஆடும் இடத்தில் அசிங்கப் பேச்சு கூடாது என்பதில் எனக்கு இப்போதும் சந்தேகமில்லை. ஆனால் என் விதி ஒரு வருஷத்துக்குள் வேறொன்றைக் கற்றுக்கொடுத்துவிட்டது. சொந்தக்காரனைத் தெரியாது என்றவர்கள் எல்லோரும் தப்பித்தார்கள். தெரியும் என்றவள் ஒருத்திதான், அவள்தான் தோற்றாள். ஆகவே இனி, யாருடைய ஆள் என்று கேட்க வேண்டாம், கெட்ட வார்த்தை வந்தால் கடிகாரத்தை நிறுத்துவோம், பேசியவர் தானாக வெளியேறிய பிறகு ஆடுவோம் என்று சொல்லப் போகிறேன். தங்கள் கருத்தை எழுதினால் கமிட்டியில் வாசிப்பேன்.

அமலி அடுத்த மே மாதம் ஆட முடிந்தால் நாங்கள் அனைவரும் மகிழ்வோம்.

தங்கள் உண்மையுள்ள,
சு. நம்பிராஜன்


சால்மியா
26-10-1986

ரோஸி,

நம்பிராஜன் சாரின் கடிதம் வந்தது. உன் புருஷனைத் திட்டாதே.

நான் உன்னிடம் ஒன்றைக் கேட்கிறேன். ஜூனில் நான் எழுதியதற்கு ஜூலையில் பதில் எழுதினாய். கோப்பையைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை என்றாய். மழை பெய்கிறது என்று எழுத இடம் இருந்தது. என் மகள் அந்த ரிப்பனை வாங்கியதை எழுத இடமில்லையா?

இந்த நாலு மாசமும் அவளுக்கு நான் எழுதிய கடிதங்கள் எப்படிப்பட்டவை தெரியுமா? சிஸ்டர் சொன்னபடி கேள், தமிழ் நன்றாகப் படி, அவ்வளவுதான். முத்தம் என்று ஒரு இடத்திலும் எழுதவில்லை. என்னைத் தெரியாது என்று இருந்த பிள்ளை என்று நினைத்து எழுதினேன். ரயிலில் நான் பேசாதே என்றேன், அவள் பேசவில்லை. இரண்டு நாள் அதை வாய்க்குள் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்து வந்திருக்கிறாள். சொல்லியிருக்க வேண்டியவள் நீ.

ஏன் சொல்லவில்லை?

லூர்து மேரி

பி.கு. தையலைத் தூத்துக்குடியில் பிரித்தார்கள். தழும்பு இருக்கிறது.


லேபர் கேம்ப்
30-11-1986

அக்காவுக்கு,

நலம்.

உன் கேள்விக்கு மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். இது நாலாவது. இதை அனுப்பிவிடுவேன்.

அவள் என் விரலிலிருந்து ரிப்பனை அவிழ்க்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. விரலைத்தான் பார்த்தாள். இறுக்கிச் சுற்றியிருந்ததால் அவிழ்க்க நேரமாயிற்று. நான் கையைக் கொடுத்துக்கொண்டு நின்றேன். அவ்வளவு பேர் பார்க்க.

அதை நான் உனக்கு எழுதியிருந்தால் நீ சந்தோஷப்பட்டிருப்பாய். நீ சந்தோஷப்படுவதை நான் இங்கே உட்கார்ந்து நினைத்துப் பார்க்க வேண்டியிருக்கும். அவள் வலியில் சித்தி என்று கூப்பிட்டது மட்டும் உன் மனசில் இருந்தது. நீ அதையே பிடித்துக்கொண்டு இரு என்று விட்டுவிட்டேன். அவள் கூப்பிட்ட அது ஒன்றுதான் எனக்குக் கிடைத்தது. அதையும் ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்?

விலாசம் கேட்கவில்லை. உனக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது கொடு.

கிறிஸ்துமஸுக்கு எல்லோருக்கும் சமாதானம் உண்டாகட்டும்.

ரோஸி


சால்மியா
8-3-1987

ரோஸிக்கு,

உன் கடிதம் வந்து வெகுநாளாயிற்று. பதில் எழுத உட்கார்ந்தால் கோபம் வருகிறது. கோபம் போனால் வேறொன்று வருகிறது. அதனால் தள்ளிப்போட்டேன். என் உடம்பு தேவலை. யூசுப்பை நர்சரிக்கு அனுப்பிவிட்டார்கள். மேடம்தான் கொண்டுபோய் விடுகிறாள். என்னை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

நான் உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுத மாட்டேன். பெறாதவள் என்று எழுதினேனே, அதை நீ மறந்துவிட்டாய் என்றும் நினைக்க மாட்டேன்.

சிஸ்டர் மூலமாக அமலியிடம் கேட்டேன், இனி எங்கே படிக்க ஆசை என்று. பம்பாய் என்றாள். எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் அந்த மைதானத்தில் அவ்வளவு பேர் முன்னால் எனக்குப் பிடித்ததைச் செய்த பிள்ளை. அவளுக்குப் பிடித்ததை நான் ஒன்று செய்ய வேண்டும். பரீட்சை முடிந்ததும் தம்பி போய்க் கூட்டிக்கொண்டு வரட்டும். ஜூனில் அங்கேயே சேர்த்துவிடுங்கள். நம்பிராஜன் சாரிடம் அவருடைய புது விதி எனக்குச் சம்மதம் என்று சொல்.

ஒன்று மட்டும். இனி அவள் கடிதத்தை அவளே எழுதட்டும். தமிழ் வராவிட்டால் ஹிந்தியில் எழுதட்டும். இங்கே டிரைவர் இனாயத்துல்லா பாய் வாசித்துக் காட்டுவார். உன் கடிதத்தின் கடைசியில் நாலு வரியாக வேண்டாம். தனியாக எழுதட்டும்.

லூர்து மேரி


லேபர் கேம்ப்
19-4-1987

அன்புள்ள அக்காவுக்கு ரோஸி எழுதுவது.

இன்று ஈஸ்டர் திருநாள். உயிர்த்த ஆண்டவர் உன்னைக் காப்பாராக. உன் தம்பிக்குச் சளி, எனக்குக் கால் வீக்கம், பயப்பட ஒன்றுமில்லை.

அமலி வந்து சேர்ந்தாள். என்னைவிட உயரமாகிவிட்டாள். தாதரில் இறங்கியதும் என்னைக் கட்டிக்கொண்டாள், இல்லை என்று சொல்லவில்லை. டாக்ஸியில் ஏறியதும் கேட்ட முதல் கேள்வி, "மம்மி லெட்டர் வந்துச்சா?" நீ அவள் பெயருக்குத் தனியாக அனுப்பியதைக் கொடுத்தேன். வாசித்துக் காட்டவா என்றேன். "இல்ல சித்தி, இப்ப எனக்கே வரும்" என்றாள். எழுத்துக் கூட்டிக் கூட்டி, உதடு அசைய, சயான் வரை அதையே வாசித்துக்கொண்டு வந்தாள். ஒரு வார்த்தைகூட என்னிடம் கேட்கவில்லை. உன் தூத்துக்குடி நல்ல வேலை செய்திருக்கிறது.

மைதானத்துக்கு நேற்றுப் போனோம். அந்தப் பெண்கள் முதலில் தள்ளி நின்றார்கள், பிறகு ஒருத்தி வந்து அவள் முழங்கால் தழும்பைத் தொட்டுப் பார்த்தாள். அத்தோடு சரியாகிவிட்டது. ரிப்பன் இப்போது கிடையாது. நான் கயிற்றோரம் மற்றவர்களோடு சும்மா நிற்கிறேன்.

இன்று பூசை முடிந்து வந்ததிலிருந்து உனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறாள். வெளிநாட்டுக் கவர் நான்தான் வாங்கிக் கொடுத்தேன். டிரங்குப் பெட்டிமேல் காகிதத்தை வைத்துத் தரையில் உட்கார்ந்திருக்கிறாள். பாதி தமிழ், பாதி ஹிந்தி என்று நினைக்கிறேன். நான் அடுப்புக்கும் வாசலுக்கும் போகும்போதெல்லாம் இடது கையை வளைத்து மறைத்துக்கொள்கிறாள். ஹிந்தி இருக்கிற பக்கத்தையும் மறைக்கிறாள். அது எனக்கு வாசிக்கத் தெரியாது என்று அவளுக்குத் தெரியும்.

ரோஸி